ஐந்தாவது புகார்

நாற்பத்தொரு நாளில் அது ஐந்தாவது புகார். முந்தைய நான்கையும் போலவே இதையும் ஹனீபாதான் எழுதினார். சொன்னவர் அவர் மனைவி ரோஷன் பீவி.

திங்கட்கிழமை காலை. மலாக்காவின் காஜா பேராங் சாலையில் மழை விட்டிருந்தது, வெயில் வரவில்லை. மூன்று நாளாகப் பின்முற்றத்தில் எதையும் காயவைக்க முடியாமல், மல்லியின் ஈரத்தைச் சட்டியில் வறுத்தே போக்கவேண்டியிருந்தது. ரோஷன் பீவி அடுப்பின் முன் நின்று அகப்பையால் கிளறிக்கொண்டிருந்தார். ஹனீபா கடைமேசையில் தாளை விரித்து வைத்திருந்தார். மேசையின் ஓரத்தில் கறுப்பு டெலிபோன் இருந்தது. அதன் மேல் மசாலாத் தூள் படியாமலிருக்க ஒரு வெள்ளைத் துணி.

"எழுதிட்டீங்களா?" என்று ரோஷன் பீவி உள்ளேயிருந்து கேட்டார்.

ஹனீபா எழுந்து உள்ளே போய், அடுப்பைச் சுற்றி அவர் முகத்துக்கு எதிரே நின்று சொன்னார். "‘ஐயா’ன்னு போட்டிருக்கேன்."

"அதுக்கே இவ்ளோ நேரமா? நான் சொல்றத அப்படியே எழுதுங்க. உங்க ஆளு வர்றான், கம்பத்துல ஏறுறான், எறங்குறான், தேத்தண்ணி குடிக்கிறான், போறான். லைனு மட்டும் வரல."

"தேத்தண்ணியெல்லாம் எழுத முடியாது ரோஷனு."

"ஏன், நம்ம வூட்டுத் தேத்தண்ணிதானே? வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள லைனு சரியாகலன்னா போனத் தூக்கிட்டுப் போயி அவங்க ஆபீசு வாசல்லயே வச்சிருவேன்னு எழுதுங்க."

"‘தயவுசெய்து’ன்னு ஒண்ணு போட்டுக்கவா?"

"மாமியா வூட்டுக்கா எழுதுறீங்க? போடாதீங்க."

ஹனீபா மேசைக்குத் திரும்பி வந்து ஆங்கிலத்தில் எழுதினார். தயவுசெய்து என்று இரண்டு இடத்தில் போட்டார்.

அவர்களுடையது மசாலா அரைக்கும் கடை. மீன்கறித் தூள், இறைச்சித் தூள், தனி மிளகாய், தனி மல்லி. பக்கத்துச் சிட்டி கம்போங் குடியிருப்புப் பெண்கள் கிண்ணத்தோடு வந்து மலாயில் பேசி வாங்கிப்போவார்கள். கிளேபாங்கில் கடலோரச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் டெலிபோனில் சொல்லிவிடுவார். கடையின் பின்கட்டில் அரவை இயந்திரம் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் ஹனீபா வாங்கியது. அதுவரை ரோஷன் பீவியும் கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் உலக்கையால் இடித்தார்கள். இயந்திரம் வந்த அன்று ஹனீபா மனைவியின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, இனி இந்தக் காய்ப்பு இருக்காது என்றார். அது போலவே காய்ப்பு போயிற்று. தினமும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ரோஷன் பீவி அதன் வாயருகே நின்று மிளகாயைத் தள்ளுவார். அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேசவேண்டுமென்றால் தோளைத் தொட்டுக் கூப்பிடவேண்டும்.

அவர்களுக்கு ஒரே மகள். ரஹீமா. கல்யாணமாகி சிங்கப்பூரில் இருந்தாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவள் கணவனின் கடையிலிருந்து கூப்பிடுவாள். அப்போது ரோஷன் பீவி குளித்து, புதுத் தாவணியை முக்காடாகப் போட்டு, மேசையருகே உட்கார்ந்திருப்பார். ஹனீபா கடைக்கதவை ஒரு பாதி சாத்திவிடுவார்.

மெர்டேகா என்ற மலாயா விடுதலைக்கு அடுத்த ஆண்டு, அக்டோபர் மழையில் லைன் முதல்முறை கெட்டது. அது உண்மையான பழுது. கம்பத்தின் மேல் கம்பி சேரும் இடத்தில் நீர் இறங்கியிருந்தது. இரைச்சல் மட்டும்தான் வந்தது. டெலிபோன் ஆபீசிலிருந்து வந்த கலியாணசுந்தரம் ஏறிப் பார்த்து, பச்சை பூத்த கம்பியை வெட்டிப் புதிதாகச் சேர்த்துவிட்டுப் போனான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் ரோஷன் பீவி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, சத்தமே வரவில்லை என்றார். அதற்கடுத்த வெள்ளியும்.

"‘உம்மா’ன்னு சொல்றது மட்டும் கேக்குது. அதுக்கப்புறம் தண்ணிக்குள்ள பேசுற மாதிரி இருக்கு. என்ன புள்ள சொல்றேன்னு எத்தன தடவ கேக்குறது? காசு ஓடுதேன்னு அவளும் பதறுறா. சரிம்மா, சரிம்மான்னு வச்சிர்றேன்."

அந்தச் சரிம்மாவால் வந்ததுதான் இந்த ஐந்தாவது புகார். சனிக்கிழமை ரஹீமாவின் கடிதம் வந்தது. தலைப்பிரசவத்துக்கு இன்னும் ஏழு வாரம். மாமியார் சொன்னபடி சிங்கப்பூர் ஆஸ்பத்திரியிலேயே பேர் பதிந்துவிட்டதாக எழுதியிருந்தாள். "போன்ல உங்ககிட்ட கேட்டேன். நீங்க சரின்னு சொல்லிட்டீங்க. நீங்க வேணாம், வீட்டுக்கு வான்னு சொல்வீங்கன்னு நெனச்சேன் உம்மா. பரவாயில்லை."

ரோஷன் பீவி அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தார். பரவாயில்லை என்ற இடத்தில் மை கொஞ்சம் கலங்கியிருந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவ தொட்டில் கட்டுற உத்தரத்தக்கூட நான் தொடச்சி வச்சிட்டேன்," என்றார் கடைசியில். "வராதன்னு சொல்லிட்டேனே. எம்மவள நானே வராதன்னு சொல்லிட்டேனே."

"நீ எங்க சொன்ன? லைனு சொல்லுச்சு," என்றார் ஹனீபா. "நான் பதில் எழுதுறேன்."

"நீங்க எழுதி என்ன செய்ய? அவ மாமியா, ‘உங்க உம்மாவே சரின்னாங்களே’ம்பா. வெள்ளிக்கெழம என் வாயால சொல்லணும். அவ என்ன சொல்றான்னு என் காதால கேக்கணும். அழுவுறாளா சிரிக்கிறாளான்னு தெரியணும்."

*

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குக் கலியாணசுந்தரம் சைக்கிளில் வந்தான். ரப்பர் தோட்டத்தில் பிறந்து அரசாங்க வேலைக்கு வந்தவன். வேலைக்குச் சேர்ந்து டிசம்பரோடு இரண்டு வருஷம் முடிகிறது. நிரந்தரமானால் ஆபீஸ் வரிசைவீடு கிடைக்கும். அங்கே இன்னும் பால்மரம் வெட்டிக்கொண்டிருக்கும் அம்மா அஞ்சலையை அழைத்துவந்துவிடலாம். வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, இடுப்புவாரில் தொங்கிய சோதனைப் போனைச் சரிசெய்துகொண்டான்.

ரோஷன் பீவி இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். முழங்கை வரை மஞ்சள்.

"வாங்க தம்பி. மாப்ள மாதிரி வாரம் தவறாம வர்றீங்க. பசியாறியாச்சா?"

"ஆச்சுக்கா."

"பொய். மொகத்துல தெரியுது. இடியாப்பம் இருக்கு. மொதல்ல தின்னுங்க, அப்புறம் உங்கள ஏசுறேன். வெறும் வயித்துக்காரன ஏசுறது பாவம்."

அவன் மேசையருகே உட்கார்ந்து தேங்காய்ப்பால் ஊற்றி இடியாப்பம் தின்றான். ரோஷன் பீவி எதிரே நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"அக்கா, போன தடவ வீட்டுக்குள்ள வர்ற கம்பிய மாத்துனேன். அதுக்கு முந்துன தடவ போன் பொட்டியவே மாத்துனேன். சிங்கப்பூர் லைனயும் ஆபீசுல சொல்லிப் பாக்கச் சொல்லிட்டேன். அங்கயும் ஒண்ணும் இல்லங்கிறாங்க."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"ஐயோ, அப்படிச் சொல்வேனாக்கா?"

அவன் கைகழுவிவிட்டு ஆபீசின் சோதனை மேசையைக் கூப்பிட்டான். அங்கே அப்பாசாமி என்பவர் இருந்தார். கட்டைக் குரல். அவரிடம் பேசச் சொல்லி ரிசீவரை ரோஷன் பீவியிடம் கொடுத்தான். தன் சோதனைப் போனை அதே கம்பியில் மாட்டிக் காதில் வைத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் அவனுக்குக் கேட்டது.

"அம்மா, பேசுறது கேக்குதாங்களா?"

"நல்லா கேக்குது. உங்க ஆபீசு ஆளுங்க பேசுனா மட்டும் நல்லா கேக்குது. எப்படித்தான் அப்படி வச்சிருக்கீங்களோ!"

நான்கு முறையும் இதுதான் நடந்தது. கலியாணசுந்தரம் சுவரில் சாய்ந்து நின்று யோசித்தான். அதே வீடு, அதே கம்பி, அதே பெட்டி. எல்லாவற்றையும் ஒருமுறை மாற்றியாயிற்று. மாற்றாதது பேசுகிற குரல் ஒன்றைத்தான்.

"அப்பாசாமி அண்ணே," என்றான் போனில். "ஜெயாவக் கொஞ்சம் பேசச் சொல்லுங்க. லைன வெட்டாதீங்க. அப்படியே கையில கொடுங்க."

ஜெயா வெளியூர் அழைப்புகளை இணைக்கும் பெண். மெல்லிய குரல். கலியாணசுந்தரத்தின் காதில் அது கண்ணாடித் தம்ளரில் கரண்டி பட்டது போலத் தெளிவாக வந்தது.

"வணக்கம்மா. நான் ஜெயா பேசறேன். இன்னிக்கி என்ன சமையல் உங்க வீட்ல?"

ரோஷன் பீவி ரிசீவரைக் காதோடு அழுத்தினார். நெற்றி சுருங்கியது.

"சொல்லும்மா," என்றார்.

"என்ன சமையல்னு கேட்டேம்மா. மீனா, கோழியா?"

"சரிம்மா. சரிம்மா."

கலியாணசுந்தரம் சோதனைப் போனை மெதுவாகக் கழற்றினான். கடை முகப்பில் ஹனீபா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாக இருந்த தட்டு. அவன் பார்ப்பது தெரிந்தும் நிமிரவில்லை.

"பாத்தீங்களா தம்பி?" என்றார் ரோஷன் பீவி ரிசீவரை நீட்டி. "இப்ப அடைச்சிக்கிச்சு பாருங்க. உங்க முன்னாலயே."

"ஆமாக்கா," என்றான் கலியாணசுந்தரம். "பாத்தேன்."

ரோஷன் பீவி அரவைக்குத் திரும்பினார். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ஹனீபா அவனை வாசலுக்கு அழைத்துப்போனார். கம்பத்தின் அடியில் நின்றார்கள். மிளகாய் நெடி அங்கேயும் வந்தது.

"எப்பலேருந்து நானா?" என்றான் கலியாணசுந்தரம், அண்ணன் முறை வைத்து.

"எனக்குத் தெரிஞ்சது மொத மழைக்கு அப்புறம். நீங்க சரிபண்ணிட்டுப் போன வெள்ளிக்கெழம. போன நான்தான் எடுத்தேன். ரஹீமா பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருந்துச்சு. இவகிட்ட கொடுத்தேன். சத்தமே வரலங்கறா." அவர் தாடியைத் தடவினார். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். வாய் தவறி வந்துச்சு தம்பி. ஒரு தடவ சொன்னதுக்கப்புறம் எப்படி மாத்துறது?"

"சொல்லிரலாமே நானா. டாக்டர்கிட்ட காட்டலாம்."

"எதனாலன்னு கேப்பாளே." ஹனீபா தலையைத் திருப்பினார். உள்ளே இயந்திரம் அதிர்ந்துகொண்டிருந்தது. "அந்த மெஷின நான்தான் வாங்குனேன். அவ கேக்கல. எட்டு வருஷம் அதுக்குப் பக்கத்துல நிக்க வச்சேன். கையில காய்ப்பு போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். லைனு மேல பழியப் போட்டா அவ ஏசிட்டாவது இருப்பா. காதுன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிருவா."

கலியாணசுந்தரம் பையிலிருந்து பழுதுப் படிவத்தை எடுத்தான்.

"மழையில கெட்டுச்சுன்னு எழுதிருங்க தம்பி. வழக்கம்போல."

"நாலு தடவ எழுதிட்டேன் நானா. ஒரே நம்பர்ல மறுபடி மறுபடி பழுதுன்னா எம்பேர்லதான் சேரும். புதுசா வந்த ஐயா அதத் தனியா எழுதி வைக்கிறாரு."

ஹனீபா அவனை நிமிர்ந்து பார்த்தார். "இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"இன்னிக்கி வரைக்கும் நானும் லைனுதான்னு நெனச்சேன்."

பிறகு ஹனீபா சொன்னார். "அப்ப உள்ளத எழுதுங்க. உங்க பொழப்பு கெடக் கூடாது."

"உள்ளத எழுதுனா அந்தத் தாள் இங்க பதிலா வரும் நானா. அக்கா பிரிச்சுப் பாப்பாங்க. நீங்க சொல்லுங்க மொதல்ல. வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லிருங்க. அது வரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லல." அவன் படிவத்தைச் சைக்கிள் இருக்கையில் வைத்து, சுவர்க்கம்பி மாற்றப்பட்டது என்று எழுதினான். எழுதியது பொய்யாகக் கூடாது என்று உள்ளே போய் அரை கஜம் புதுக் கம்பி மாற்றிவிட்டுப் போனான்.

அன்று மாலை ஹனீபா சொல்லவில்லை. புதன்கிழமை இரண்டு முறை அடுப்பைச் சுற்றி எதிரே போய் நின்றார்.

"என்ன?" என்றார் ரோஷன் பீவி.

"உப்பு இருக்கான்னு கேக்க வந்தேன்."

"உப்பு உங்க தலைக்கு மேல இருக்கு."

*

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஆபீஸ் கார் ஒன்று கடைமுன் நின்றது. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, கையில் கோப்போடு புது அதிகாரி பொன்னுதுரை இறங்கினார். மலாக்கா ஆபீசுக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதமாகிறது. யாழ்ப்பாணத்துக்காரர்களின் பிள்ளை. பின்னால் கலியாணசுந்தரம் கைகளை முன்னால் கோத்துக்கொண்டு இறங்கினான்.

"நீங்கள்தானே ஹனீபா? இந்த ஐஞ்சு கடிதமும் எழுதினது?"

"ஆமாங்கய்யா. உக்காருங்க." ஹனீபா நாற்காலியைத் துடைத்தார். அவர் கண் கலியாணசுந்தரத்தின் மேல் போனது. அவன் தரையைப் பார்த்தான்.

பின்கட்டில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பொன்னுதுரை குரலை உயர்த்திப் பேசவேண்டியிருந்தது.

"முதலிலை நான் மன்னிப்புக் கேக்க வேணும். ஒரு வீட்டுக்காரர் ஐஞ்சு தரம் எழுதினவர் எண்டால், பிழை அவரிலை இல்லை, எங்களிலை. வெள்ளைக்காரன் காலத்திலை முறைப்பாடு வந்தால், கவனிக்கப்படும் எண்டு ஒரு தாள் அனுப்பிப் போட்டுச் சும்மா இருந்திடுவினம். இப்ப அது சரிவராது. ஆர் முறையிடுகினமோ அவையின்ரை வாசலுக்கு நாங்கள் வர வேணும். அதுதான் வந்தனான்."

"ரொம்ப பெரிய மனசுங்கய்யா. ஆனா இவ்ளோ தூரம்…"

"இருங்கோ, இன்னும் முடியேல்லை." பொன்னுதுரை கோப்பைத் திறந்தார். "இவர் ஐஞ்சு தரம் வந்து திருத்தினன் எண்டு எழுதியிருக்கிறார். திருத்தின லைன் ஐஞ்சு தரம் பழுதாகாது. ஒண்டு, இவருக்கு வேலை தெரியாது. இல்லாட்டி, செய்யாத வேலையைச் செய்தது எண்டு எழுதியிருக்கிறார். எது எண்டாலும் இவரை நிரந்தரமாக்கேலாது. இண்டைக்கு இவரைக் கையோடை கூட்டி வந்தது, உங்களிட்டை நேரிலை மன்னிப்புக் கேக்க வைக்கத்தான்."

ரோஷன் பீவி அப்போதுதான் பின்கட்டின் வாசலுக்கு வந்தார். கார் வந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முகப்பில் ஆட்களைப் பார்த்ததும் திரும்பிப்போய் இயந்திரத்தை நிறுத்தினார். அது நின்ற பிறகும் சிறிது நேரம் அறையில் ஓசை இருப்பது போலவே இருந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேசையருகே வந்து நின்றார்.

"என்ன தம்பி, படையோட வந்திருக்கீங்க?" என்றார் கலியாணசுந்தரத்திடம்.

அவன் சிரிக்க முயன்றான். பொன்னுதுரை அவன் பக்கம் திரும்பினார்.

"சொல்லும் கலியாணசுந்தரம். லைனிலை என்ன பழுது? ஏன் ஐஞ்சு தரமும் பிடிபடேல்லை?"

"தெரியலீங்கய்யா."

"தெரியேல்லை எண்டு சொன்னால் வேலை போகும். விளங்குதோ?"

"விளங்குதுங்கய்யா."

"அம்மாவிட்டை மன்னிப்புக் கேளும்."

கலியாணசுந்தரம் ரோஷன் பீவியைப் பார்த்தான். "மன்னிச்சிருங்கக்கா. எனக்கு வேல சரியாத் தெரியல," என்றான்.

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ரோஷன் பீவி அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யா," என்று ஹனீபா முன்னால் வந்தார். "இந்தப் புள்ள நல்ல வேலக்காரரு. அவர ஒண்ணும் செய்யாதீங்க."

"அப்ப ஏன் ஐஞ்சு கடிதம் எழுதினீங்கள்?"

"மழைல…"

"நாலாவது கடிதம் வந்த கிழமை முழுக்க மழையே இல்லை. நான் பாத்தனான்."

ஹனீபா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தாடி நடுங்கியது. மனைவியின் பக்கம் பார்க்காமல் பேசினார்.

"லைனு நல்லாத்தான் இருக்குங்கய்யா. எனக்குத்தான் காது கேக்கல. வயசாச்சு. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு லைனு மேல பழியப் போட்டேன். எம் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. என் தப்புதான். எழுதிக்குங்க."

பொன்னுதுரை பேனாவை எடுத்தவர், அப்படியே வைத்துக்கொண்டார். என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை. சாலையில் ஒரு மாட்டுவண்டி போயிற்று.

ரோஷன் பீவி டெலிபோனின் மேல் கிடந்த துணியை எடுத்தார். கையிலிருந்த மஞ்சளை அதில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"இவருக்கா காது கேக்காது?" என்றார். "சட்டியில சீரகம் ஒண்ணு கூட வெடிச்சா, இங்க உக்காந்துக்கிட்டே கருகப் போவுது ரோஷனும்பாரு. பொய் சொல்லத் தெரியாத மனுசன் அய்யா. சொன்னா இப்படித்தான் தாடி ஆடும்."

"ரோஷனு," என்றார் ஹனீபா.

"நீங்க சும்மா இருங்க." அவர் பொன்னுதுரையின் பக்கம் திரும்பினார். குரல் தேவைக்கு அதிகமாக உயர்ந்திருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. "இந்தத் தம்பி அஞ்சு தடவயும் ஒழுங்கா வேல பாத்துச்சு. அத மொதல்ல எழுதுங்க. நான் சொன்னா இவரு மெஷின வித்துப்போட்டு, தன்னாலதான் ஆச்சுன்னு மூலையில உக்காந்துருவாரு. அதான் வாய மூடிக்கிட்டு, அரைகொறையாக் கேட்டத வச்சே சமாளிச்சேன், மழையில லைனு கெட்டதும் அத ஏசிக்கிட்டிருந்தேன். அதுக்கு ஊரான் புள்ள பொழப்புப் போவணுமா? நாளைக்கி மூணு மணிக்கு எம்மவ கூப்புடுவா. அவகிட்டயும் சொல்லத்தான் போறேன். மொதல்ல உங்ககிட்ட சொல்றேன், எழுதிக்குங்க."

பொன்னுதுரை பேனாவைத் தாளில் வைத்தார்.

"ரெண்டு வருசமா எனக்குத்தான் காது கேக்கல."